நான் போடாத சத்தம்

மேடையில் விழும் அறைக்குச் சத்தம் கொடுப்பவள், அறை வாங்குகிறவள்தான். கல்லூரி நாடகத்தில் நடித்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. நாயகன் கையை வீசுவான். விரல்கூடக் கன்னத்தில் படாது. அதே நொடியில் நான் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, யாருக்கும் தெரியாமல் கைகளை ஒருமுறை தட்ட வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்காகப் போட்ட காதல் நாடகம் அது. நாயகன் என் வகுப்புத் தோழன். நிஜத்திலும் என்னைக் காதலிப்பதாகச் சொல்லியிருந்தான். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது. கதைப்படி, இன்னொருவனோடு பேசியதற்காக அவன் என்னை அறைவான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு, "அடிச்சாலும் நீங்கதான் எனக்கு" என்று அழ வேண்டும். நாடகத்தின் உயிரே அந்தக் காட்சிதான் என்றார், எழுதிய பேராசிரியர்.

ஒத்திகையில் அவனுக்குத் திருப்தியே வராது. "இன்னும் பலமா தட்டு. அடிக்கிற மாதிரியா கீது? தடவுற மாதிரி கீது."

தட்டினேன். உள்ளங்கை சிவக்கத் தட்டிப் பழகினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எதைக் கொடுத்தாலும் நன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்கு உண்டு.

விழாவன்று அம்மா களையெடுப்பை விட்டுவிட்டு, சங்கராபுரத்தில் பஸ் ஏறி வந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் ஆசைப்பட்டு, ஊரை விட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். அப்பா அடித்த மறுநாள் யாராவது கன்னத்தைப் பார்த்துக் கேட்டால், "எம்மேல அவருக்கு ஆசை ஜாஸ்தி" என்பாள்.

முன்வரிசையில் இருந்தாள். மேடையில் அவன் குரலை உயர்த்தியதுமே தலை குனிந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அவன் கை வந்தது. நான் தட்டவில்லை.

"இன்னாடா மாப்ள, கொசு ஓட்டிக்கினு கீற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

"தட்டுடி" என்று பல்லைக் கடித்தபடி அவன் மறுபடியும் வீசினான்.

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "யார்கிட்ட பேசணும்னு எனக்குத் தெரியும். நீங்க கெளம்புங்க" என்றேன். பெண்கள் பக்கமிருந்து கைதட்டல் எழுந்தது. பேராசிரியர் திரையை இழுக்கச் சொல்லிவிட்டார்.

திரைக்குப் பின்னால் அவனுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. "அசிங்கப்படுத்திட்ட. நெஜமாவே ஆசை இருந்தா தட்டியிருப்ப."

"இருந்துச்சு. நீ தட்டுடின்னு சொல்ற வரைக்கும்."

பஸ்ஸில் அம்மா கேட்டாள். "ஏன்டி, ஒத்த சத்தமும் வரல?"

"சத்தம் நான்தாம்மா போடணும். போடல."

ஊர் வந்தது. இறங்கியதும், "வூட்டுல உங்கப்பா கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீ குறுக்க பேசாத" என்றாள்.

அப்பா கேட்டார். அம்மா நாடகத்தை நடித்தே காட்டினாள். அறையும் இடம் வந்ததும் எழுந்து நின்று கையை ஓங்கி வீசினாள். அது அப்பாவின் கன்னத்தருகே வந்து நின்றது. கையை இறக்காமல், "இவ தட்டலய்யா" என்றாள்.