ஓரக்கண்ணால் பார்க்க வேண்டியது

என் கணவருக்கு மோட்டார் பட்டறை. எது ஓடாவிட்டாலும் முதலில் கழற்றிப் பார்ப்பார், கேள்வியெல்லாம் அப்புறம்தான். எங்கள் வீட்டு மிக்சி அவர் கையில் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வானம் பார்க்கும் எட்டு அங்குலத் தொலைநோக்கியையும், கண்ணாடியை மட்டும் வாங்கி, பட்டறையிலேயே செய்தார்.

கன்னி ராசிப் பக்கம் இருக்கும் எம் 87தான் அவருக்கு உயிர். சுருளும் கையும் இல்லாத, மொழுக்கென்ற நீள்வட்ட கேலக்ஸி. என் கண்ணுக்கு மில்லில் பறக்கும் பஞ்சுத் துணுக்கு. "இதுக்குத்தானா இந்தப் பாடுங்க?" என்று கேலி செய்வேன். மங்கலான பொருளை நேராக முறைத்தால் மறைந்துவிடும். பார்வையைச் சற்றுத் தள்ளி வைத்து, ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கு அதைப் பழக்கியவரே அவர்தான்.

போன வருடக் கோடையில் எம் 87 அவருக்குத் தெரியாமல் போயிற்று. கோயமுத்தூர்த் தெருவிளக்கு வெளிச்சத்தைத் திட்டினார். கண்ணாடியைக் கழற்றிக் கழுவினார். திருகுகளை மாற்றி மாற்றி முடுக்கினார். கடைசியில் கண்ணாடியைப் புது அலுமினியப் பூச்சுக்கு அனுப்பினார். அது திரும்பி வருவதற்குள் மழைக்காலம் போய்விட்டது. இடையில் பைக்கை கேட்டில் உரசிக்கொண்டு வந்தார். "கவனம் எங்கீங்க இருக்குது உங்களுக்கு?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

இந்தப் பங்குனியில் தாராபுரம் பக்கம் சொந்தக்காரர் தோட்டத்துக்குத் தொலைநோக்கியைக் கொண்டுபோனோம். நல்ல இருட்டு. சாப்பிட்டதும் பார்க்க உட்கார்ந்தவர், குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

"காணோம் அம்மணி. பூச்சைக் கெடுத்துப்போட்டானுங்க. நீ பாரு."

பார்த்தேன். இருந்தது. முன்பைவிடப் பளிச்சென்று இருந்தது. அவரைத் தேற்றுகிற அவசரத்தில், "அட, நல்லாத் தெரியுதுங்க! பூச்சு அருமையா வந்திருக்குதுங்க," என்றேன்.

அவர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். சொன்னது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கண் நீர் அழுத்த நோய், க்ளாக்கோமா, என்றார் கண் டாக்டர். "ஓரப் பார்வைதானுங்க முதல்ல போகும், வலியே இருக்காது. போன வருஷமே வந்திருந்தா நிறையக் காப்பாத்தியிருக்கலாமுங்க. போனது திரும்பாதுங்க."

சொட்டு மருந்துச் சீட்டோடு வெளியே வந்தோம். வராந்தாவில் நல்ல பகல் வெளிச்சம். அவர் நேரே பார்த்தபடி நின்று, "அம்மணி, எங்க போயிட்டே?" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.