சடங்குக்குப் பிடித்த புதுத்தண்ணீர்

வாவிக்கரையில் பெரியகல்லாற்றுக்குக் கிட்ட எங்கள் ஊர். மாதர் சங்கத்துக்கு ஒரு தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் உண்டு. நானும் என் மச்சாளும்தான் அதைப் பார்த்துக்கொள்கிறோம். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் முதலில் திறந்த தொட்டியில் மழைபோல் சிதறி விழும். இரவு முழுக்கக் கிடந்து, மணல் வடிகட்டியைத் தாண்டித்தான் உப்பைப் பிடிக்கும் மெல்லிய சவ்வுக்குப் போகும். முதல் சவ்வு அடைத்துப் பாழாய்ப்போனது. இரண்டாவதும் போனால் இயந்திரத்தைக் கழற்றி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று தந்தவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

வைகாசியில் அம்மன் கோவிலின் வருடாந்தச் சடங்கு வந்தது. மச்சாள் தொட்டியை விட்டுவிட்டுக் கிணற்றுக் குழாயை நேரே வடிகட்டிக்குப் பொருத்தினாள்.

"ராவு கிடந்த பழந்தண்ணியையா புள்ள அம்மாளுக்குக் குடுக்கிற? பொங்கலுக்குப் புதுத்தண்ணிதான் வேணும்."

கிணற்றுத் தண்ணீரும் கண்ணாடி மாதிரி வந்தது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சடங்கு முடிவதற்குள் நல்ல தண்ணீர் நூல்போல இறங்கத் தொடங்கியது. அழுத்தமானியின் முள் மேலே ஏறி நின்றது. இரண்டாவது சவ்வும் அடைத்துக்கொண்டது. ஆனாலும் என் ஆராய்ச்சிப் புத்தி சும்மா இருக்குமா? கலங்கல் அடைக்கும், சரி. தெளிந்த தண்ணீர் எப்படி அடைக்கும்?

கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் வாய்வரை நிரப்பி இறுக மூடினேன். பக்கத்தில் அதே தண்ணீரை ஒரு கிளாசில் திறந்து வைத்தேன். பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. போய்ப் போய்க் குனிந்து பார்த்தேன்.

"என்ன, குஞ்சு பொரிக்கப்போகுதா?" என்று மச்சாள் நக்கலடித்தாள்.

பின்னேரம் கிளாசில் தண்ணீர் காவியாகி, அடியில் துரு படிந்திருந்தது. போத்தல் தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. அட, இதுதானா சங்கதி! கரைந்த இரும்பு கண்ணுக்கும் தெரியாது, மணலுக்கும் பிடிபடாது. காற்றுப் பட்டுத் துருவானால்தான் மணல் அதைப் பிடிக்கும். தொட்டியில் படிய வேண்டிய துரு சவ்வின் மேலேயே படிந்திருக்கிறது. துள்ளிக் குதிக்காத குறையாக மச்சாளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவள் முகம் செத்துப்போயிற்று. "அப்ப, அம்மாளுக்கெண்டு நான் செஞ்ச வேலையா ஊருக்குத் தண்ணி இல்லாமப் பண்ணிப்போட்டுது?"

குழாயைப் பழையபடி தொட்டிக்கு மாற்றிவிட்டுச் சவ்வை அமிலத்தால் கழுவினோம். காவிக் குழம்பு கொட்டியது. சவ்வு பிழைத்தது, ஆனால் முன்பு வந்ததில் பாதித் தண்ணீர்தான் வந்தது. இயந்திரம் ஊரில் தங்கும்; எல்லா வீட்டுக்கும் காணாது. யாருக்கு நிறுத்துவது என்று சங்கம் கூடியது. ஒருவரும் வாய் திறக்குமுன் மச்சாள் எழுந்தாள்.

"எங்கட வீட்டுக்கு வேணாம். கரிச்சாலும் நாங்க கிணத்துத் தண்ணியே குடிக்கிறம்."

அதே வீட்டில் இருக்கிற என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை! கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள் மட்டும் பார்க்கவில்லை. அவள் குழாயை மாற்றியபோது சரியென்று பட்டது எனக்கும்தானே.

"ஓம், எங்களுக்கு வேணாம்" என்று நானும் எழுந்து நின்றேன்.