பெருமாள் மாஸ்டரின் சனிக்கிழமைப் பெரட்டு

தந்தி வந்தபோது நான் வகுப்பில் கேத்திரகணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். "பெருமாள் மாஸ்டர் காலமானார். காமாட்சி." அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் நான் கண்டிப்பான டீச்சர் என்று பெயர் வாங்கியவள். பிள்ளைகள் முன்னால் முகம் மாறியதில்லை. அன்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எலி கடித்த வெள்ளைக்காரத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாஸ்டர் நிற்கும் கோலம் கண்ணுக்குள் வந்துவிட்டது. சிரித்து முடிக்குமுன் அழுகையும் வந்துவிட்டது. பாவம் பிள்ளைகள், பயந்துபோனார்கள்.

பதுளையில் அவரிடம் படித்தவர்களும் அவரோடு படிப்பித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பெருமாள் மாஸ்டர் இருப்பார். நான் சொல்லப்போவது எனக்கு வாய்த்தவரைப் பற்றி.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்திலிருந்து கணித ஆசிரியையாகப் பதுளைக்கு வந்தேன். அவர் பக்கத்து வகுப்பில் புவியியல் படிப்பித்தார். லுணுகலைக்கு அப்பால் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து, படித்து மேலே வந்தவர். நான் வந்த முதல் கிழமையே என் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "ஆமாங்கிறதுக்கு நீங்க ஓம், ஓம்னு சொல்றப்ப பக்கத்துல கற்பூரம் ஏத்தணும்போல இருக்கு டீச்சர்" என்றார். "ஏத்துங்கோ மாஸ்டர். உங்கட வகுப்புச் சத்தத்துக்குப் பிள்ளையாரும் எழும்பி ஓடியிடுவார்" என்றேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

தோட்டங்களில் விடியும்போது தொழிலாளர்களை வரிசையில் நிறுத்துவார்கள். இன்றைக்கு யார் எந்த மலையில் வேலை செய்வது என்று கங்காணி சொல்லுவார். அதற்குப் பெரட்டு என்று பெயர். மாஸ்டர் சனிக்கிழமை காலைகளில் எங்கள் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பெரட்டு வைத்தார். படிப்பு முடிந்தபின் யார் எங்கே போவது, எதற்கு விண்ணப்பம் போடுவது என்பதுதான் அங்கே பேச்சு. ஒரே ஒரு வித்தியாசம். "இந்தப் பெரட்டுல கங்காணி வாயத் தெறக்க மாட்டாரு. எந்த மலைக்குப் போறேன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

பிள்ளைகள் விழித்தார்கள். "நீங்க சொல்ற மலைக்குப் போறோங்க மாஸ்டர்" என்றது முழு வரிசையும். ஒருவன் மட்டும் துணிந்து இன்ஜினியர் என்றான். இன்ஜினியர் என்ன செய்வார் என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் அவனைப் பெரகலைப் பக்கம் ரோட்டு வேலை நடக்கும் இடத்துக்கு, தனக்குத் தெரிந்த ஓவர்சியரிடம் அனுப்பினார். நாள் முழுக்க வெயிலில் நின்று கறுத்துத் திரும்பிய பையன், "இன்ஜினியர் வேணாங்க மாஸ்டர். அங்க ஒருத்தரு முக்காலி வச்சு நெலத்த அளந்துக்கிட்டு இருந்தாரு, அந்த வேலைக்கு எங்க படிக்கிறது?" என்றான். இப்போது அவன் நில அளவையாளன். தன் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தவே மாட்டான்.

மலை தெரிந்தபின் அடுத்த கண்டம் நேர்முகம். பல்கலைக்கழகப் பரீட்சையில் தேறிய பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூப்பிட்டு, பெரிய பேராசிரியர்கள் இங்கிலீஷில் கேள்வி கேட்பார்கள். அதற்குத்தான் அந்தத் தொப்பி. எந்தத் துரையோ தூக்கிப் போட்டது. எங்கிருந்து பொறுக்கினார் என்று மாஸ்டர் கடைசிவரை சொல்லவில்லை. தொப்பியை மாட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கால் இங்கிலீஷ் பேசுவார்.

"பதுளை ஒரு கடற்கரைப் பட்டினம், அல்லவா?"

"யெஸ் சார்."

"தேயிலை மண்ணுக்கு அடியில்தானே விளைகிறது?"

"யெஸ் சார்."

நான் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்! மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "டீச்சர், மூன்றும் மூன்றும் ஏழு, அல்லவா?" என்றார்.

"உங்களுக்கென்ன விசரோ மாஸ்டர்? ஆறு!"

"பாத்தீங்களா? இப்படித்தான் சொல்லணும்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். "விசருங்கிறத மட்டும் கொழும்புல போயி சொல்லிறாதீங்க."

பிறகு என்னிடம் தனியாக விளக்கினார். "இவங்க மக்குப் பிள்ளைங்க இல்ல டீச்சர். தொப்பி போட்டவன் என்ன சொன்னாலும் ஆமாங்கன்னு சொன்னாத்தான் அப்பன் ஆத்தா பொழைக்க முடிஞ்சுச்சு. அது ரத்தத்துல ஊறிப்போச்சு. கணக்கு நீங்க சொல்லிக் குடுங்க. இல்லன்னு சொல்றத நான் சொல்லிக் குடுக்குறேன்." முதல் முறை "நோ சார்" சொல்லும் பிள்ளைக்கு மாஸ்டரின் மனைவி அன்னம்மா சுட்டுக் கொண்டுவரும் பருப்பு வடை பரிசு. அந்த வடைக்காகவே சிலர் எல்லாவற்றுக்கும் நோ சொல்லத் தொடங்கி, அதையும் திருத்த வேண்டியதாயிற்று.

ஒரு கேள்விக்கு மட்டும் அவர் விளையாடவில்லை. "நீ வெளிநாட்டுப் பிள்ளை, அல்லவா?" என்று கேட்பார். பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தோட்டத்து மக்கள் தாங்கள் எந்த நாட்டவர் என்று தெரியாமல் தவித்த காலம் அது. பிள்ளைகள் தலையைக் குனிந்து "யெஸ் சார்" என்றால் அவர் தொப்பியைக் கழற்றிவிடுவார். "பொறந்தது எங்க? பசறை. அதச் சொல்லு. சத்தமாச் சொல்லு." வரிசை முழுவதும் அவரவர் பிறந்த ஊரைச் சொல்லும்வரை விடமாட்டார்.

இனிக் காமாட்சியின் கதை. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கருப்பையா கங்காணியின் மகள் அவள். விஞ்ஞான வகுப்பில் எங்களுடைய கெட்டிக்காரி. அவளுக்கு மட்டும் மாஸ்டர் தானே மலை குறித்து வைத்திருந்தார். ஆசிரியர் கலாசாலை, பிறகு தோட்டத்துப் பள்ளிக்கூடம். லயத்துப் பிள்ளைகளுக்கு லயத்திலிருந்தே ஒரு டீச்சர் வரவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. தோட்டத்துப் பெரிய துரையும் அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். விண்ணப்பம் அனுப்பும் காலத்தில், ஒரு சனிக்கிழமை, "காமாட்சியக் கேக்கவே வேணாம். டீச்சர் மலை. சரிதானே?" என்றார்.

காமாட்சி எழுந்து நின்றாள். "இல்லீங்க மாஸ்டர்."

பிள்ளைகள் எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் தொடர்ந்தாள். "எங்க தோட்டத்து மருந்துக் காம்புராவுல ஒரே போத்தல்லருந்துதான் எல்லாருக்கும் ஊத்துறாங்க. காய்ச்சலுக்கும் அதுதான், வயித்து வலிக்கும் அதுதான். அது என்னா மருந்துன்னு நான் படிக்கணுங்க. டாக்டருக்குப் படிக்கணும்."

மாஸ்டரின் நெடுநாள் ஆசை அந்த நிமிஷத்தில் கலைந்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்! "அன்னம், ரெண்டு வடை கொண்டா! தொப்பி போடாத நெச மாஸ்டருக்கே இல்லன்னு சொல்லிருச்சு இந்தப் புள்ள!" அந்தச் சிரிப்பைப் போல உண்மையான சிரிப்பை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

சிரித்தாயிற்று, துரையிடம் போய்ச் சொல்லிப் பூனைக்கு யார் மணி கட்டுவது? அடுத்த நாளே கங்காணி பசறை பஸ்ஸில் வந்து இறங்கினார். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, கையில் குடை. "மக படிக்கட்டும்னுதாங்க எனக்கும் ஆச. ஆனா தொரைகிட்ட ஆமாங்கன்னு சொல்லிட்டேன் மாஸ்டரய்யா. வேலை, வீடு எல்லாம் அவரு கையில. இப்பப் போயி இல்லன்னு சொல்ல என் வாயில வராதுங்க" என்றார். பெரட்டில் நூறு பேரை அதட்டும் மனிதர், கண் கலங்க நின்றார். அவருக்கு வாய் வராவிட்டால் காமாட்சியின் விண்ணப்பம் போகாது.

"வரலைன்னா பழகிக்கலாம் கங்காணி" என்றார் மாஸ்டர். "சனிக்கிழமை வாங்க."

வந்தார். பிள்ளைகளின் வரிசையில் கடைசி ஆளாக, மகளுக்குப் பக்கத்தில் நின்றார். மாஸ்டர் தொப்பியை மாட்டியதும் கங்காணியின் கை தானாகவே தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தது.

"கங்காணி! உன் மகள் டீச்சர் வேலை, சரியா?"

"ஆமாங்க தொர."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கங்காணியே சிரித்துவிட்டார். மறுபடி கேட்டார் மாஸ்டர், மறுபடி "ஆமாங்க தொர." எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் பெருமாள் மாஸ்டர்தானே! ஏன் பயப்பிடுறியள்?" என்று கத்தினேன். "தெரியுதுங்க டீச்சரம்மா. தொப்பியப் பாத்தா வாய் கட்டிப்போகுது" என்றார்.

காமாட்சி அப்பாவின் கையைப் பிடித்தாள். "என்னப் பாத்துச் சொல்லுங்கப்பா."

கங்காணி மகளைப் பார்த்தார். "இல்லீங்க தொர" என்றார். "எம்மக டாக்டருக்குப் படிக்கப் போகுது."

அந்தச் சின்ன வகுப்பறையில் எழுந்த சத்தத்துக்கு அதிபர் ஓடிவந்தார். கங்காணியோ அன்னம்மா கொடுத்த வடையைத் தின்னாமல் வெகு நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

திங்கட்கிழமை அவர் துரையிடம் சொல்லிவிட்டார். பிறகு எங்களிடம் வந்து நடந்ததைச் சொன்னார்: "தொர தொப்பியக் கழட்டித் தலையச் சொறிஞ்சாரு. எத்தன வருசம் படிக்கணும்னு கேட்டாரு. அம்புட்டுத்தாங்க! நாந்தான் வெளிய வந்து தேயிலைக்குள்ள உக்காந்துட்டேன்."

விண்ணப்பம் போயிற்று. பரீட்சையில் காமாட்சி தேறினாள். கொழும்பில் நேர்முகத்துக்கு அப்பாவும் மகளும் ரயிலேறிப் போனார்கள். அங்கே ஒரு பேராசிரியர், கெட்ட எண்ணம் இல்லாமல்தான், "உன் மக்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். படிப்பு முடிந்ததும் அங்கேதான் போவாய், அல்லவா?" என்று கேட்டாராம்.

"நோ சார். பசறைக்குப் போவேன்" என்றாளாம் காமாட்சி.

அவளுக்கு இடம் கிடைத்த செய்தி வந்த அன்று மாஸ்டர் பள்ளிக்கூட மணியைத் தானே போய் அடித்தார். பாடவேளை முடிய இன்னும் நேரம் இருந்தது.

அவள் படித்து டாக்டரானாள். சொன்னபடி பசறைப் பக்கமே திரும்பி வந்தாள். மாஸ்டர் நோயில் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். கருமாதிக்கு நான் பதுளை போனபோது அவருடைய கடைசி நாள்களைப் பற்றிச் சொன்னாள். அவருக்குத் தைரியம் சொல்ல நினைத்து, "நாளான்னைக்கு வீட்டுக்குப் போயிறலாம், சரிங்களா மாஸ்டர்?" என்றாளாம். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, "நோ சார்" என்றாராம். சொல்லிவிட்டுத் தானே சிரித்தாராம். "நானும் சிரிச்சிட்டேன் டீச்சர். வேற என்ன செய்ய?" என்று சொல்லிக் காமாட்சி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

கருமாதிப் பந்தி முடியும் நேரம். அன்னம்மா உள்ளேயிருந்து தொப்பியை எடுத்து வந்தார். "எலி கடிச்ச சாமான், இது யாருக்குங்க வேணும்? தூக்கிப் போட்டுறவா டீச்சரம்மா?" என்று கேட்டார். துக்க வீட்டில் யார் எது கேட்டாலும் ஓம் என்று தலையாட்டிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். ஆனால் என் வாயில் வந்தது என் ஊர்ப் பேச்சு அல்ல.

"இல்லீங்க" என்றேன்.

மூலையில் உட்கார்ந்திருந்த கருப்பையா கங்காணி நிமிர்ந்து பார்த்தார். "அன்னம்மா, டீச்சருக்கு ஒரு வடை குடுங்க" என்றார்.

வடையை அங்கேயே சாப்பிட்டுவிட்டேன். தொப்பி இப்போது யாழ்ப்பாணத்தில் என் மேசையில் இருக்கிறது. போன சனிக்கிழமை மேல் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அதைத் தலையில் மாட்டிக்கொண்டு, மூன்றும் மூன்றும் ஏழுதானே என்று கேட்டேன். அத்தனை பேரும் ஒரே குரலில் "ஓம் டீச்சர்" என்றார்கள்.

வேலை நிறையக் கிடக்கிறது மாஸ்டர்.