பள்ளத்துப் புல்

முட்டை, நத்தை, புல், குடல். இந்த நான்கையும் அம்புக்குறி போட்டு இணைத்துக் கரும்பலகையில் வரைந்தே நான் சம்பளம் வாங்கினேன். உயர்தர வகுப்பு உயிரியலில் தட்டைப்புழுவின் வாழ்க்கை வட்டம் பரீட்சைக்கு அடிக்கடி வரும் கேள்வி. நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு கன்று அந்தப் புழுவால் செத்தது. அதற்குப் போட்ட புல்லை எங்கே வெட்டுவது என்று சொன்னவன் நான். சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கன்றுக்குச் சொந்தக்காரி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் இருக்கும் பெண். எனக்குப் பால் கொடுப்பவள். கொழுந்து எடுத்து எடுத்து முழங்கால் தேய்ந்து போனவள். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். அவளிடம் ஒரு பசுவும், பால்குடி மறந்து புல்லுக்கு வந்துவிட்ட கிடேரிக் கன்றும் இருந்தன. கன்று வளர்ந்து கறவைக்கு வந்தால் இரண்டு மாட்டுப் பாலில் பிழைத்துக்கொள்ளலாம், மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவதை நிறுத்திவிடலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்ற வருடம் தோட்டத்தில் மாட்டுப் பட்டியின் பின்புறம் வரைக்கும் களைநாசினி அடித்தார்கள்.

"மாஸ்டர், எங்க பார்த்தாலும் புல்லு மஞ்சளா கருகி நிக்குது. கழுவிக் கழுவிப் போடுறேன். அப்பவும் பயமா இருக்கு."

"கழுவினா போகாதும்மா. கீழ பள்ளத்துல வெட்டு. அங்க மருந்து வராது. எவ்வளவு பச்சையா நிக்குது பாரு."

அது ஏன் அவ்வளவு பச்சையாக நின்றது என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. லயத்துக் கானில் ஓடும் கழிவுத் தண்ணீர், குளிக்கும் பீலியில் வழியும் தண்ணீர், பட்டி கழுவிய சாணித் தண்ணீர் எல்லாம் இறங்கித் தேங்கும் இடம் அந்தப் பள்ளம். கான் என்கிற அந்த வாய்க்கால் உடைந்து வருடக்கணக்காகிறது. தேயிலைக்குப் போகும் வழி என்றால் மறுநாளே கல் வைத்துக் கட்டுவார்கள். லயத்துக்குப் பின்னால் ஓடும் கானுக்கு யார் கல் வைப்பார்கள்? அங்கே புல்லின் அடித்தண்டுகளில் சின்னச் சின்ன நத்தைகள் ஒட்டியிருக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

தாய்ப்பசுவின் பெரிய இரைப்பையில் அந்தப் புழுக்கள் மாதுளை முத்துப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்த மாட்டை அவை பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. முட்டை சாணியோடு வெளியேறித் தண்ணீரில் பொரிக்கிறது. வெளிவரும் குஞ்சு நத்தையைத் தேடித் துளைத்து உள்ளே போகிறது. ஒன்றாகப் போனது பலவாகப் பெருகி, வாலோடு நீந்தி வெளியே வந்து, புல்லில் ஏறி, வாலை உதறிவிட்டு ஓடு கட்டிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த ஓட்டைப் புல்லோடு சேர்த்துக் கன்று விழுங்குகிறது. சிறுகுடலில் ஓடு திறந்து, இளம்புழுக்கள் குடல் சுவரைக் கவ்வித் துளைத்துக் கிடக்கின்றன. ஓரளவு வளர்ந்த பிறகே மேலேறி இரைப்பைக்குப் போகும். அதற்குள் குடல் புண்ணாகிவிடும்.

கன்றுக்குக் கழிச்சல் கண்டது. கண்ணேறு என்று பக்கத்து வீட்டார் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். நான் சிரித்தேன். சாணியை எடுத்துக்கொண்டு டவுனில் இருக்கும் மாட்டு வைத்திய அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, முட்டை இல்லை என்றார். நான் திரும்பி வந்து அவளிடம், "வயித்துல பூச்சி ஒண்ணும் இல்ல, பயப்படாத" என்றேன். குடலில் கிடக்கும் இளம்புழு முட்டையிடாது என்பது எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தும் அப்படிச் சொன்னேன். அவளும் நம்பிக்கையோடு அதே புல்லைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கன்றின் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கழிச்சலை வெள்ளைப் பேசின் பாத்திரத்தில் விட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இளஞ்சிவப்பில், அரிசிக் குருணை அளவில், புழுக்கள் அசைந்தன. ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்கு ஓடி, அவர் மேசையைத் தட்டினேன்.

"ஏன் மாஸ்டர் கத்துறீங்க? முட்டை இல்லன்னுதானே சொன்னேன். பூச்சி இல்லன்னு சொன்னேனா?"

ஒரு வார்த்தையும் தப்பில்லை. அதுதான் என்னை எரித்தது. குடல்புழு மருந்தை வாங்கி வந்து கன்றுக்கு ஊற்றினோம். மறுநாள் மத்தியானம் கன்று செத்தது.

பட்டிக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புல்லில் இருந்துதான் வந்தது, அந்தப் புல்லைச் சொன்னவன் நான், பூச்சி இல்லை என்றதும் நான்தான் என்றேன். அவள் சாணி அள்ளுவதை நிறுத்தவில்லை.

"எம் மகன் உங்ககிட்டதானே படிச்சான் மாஸ்டர். நத்தைப் படம் கோணலா போட்டான்னு கைய வீங்க வச்சி அனுப்புனீங்க. நல்லா ஞாபகம் இருக்கு. அவ்வளவு பெரிய நத்தை உங்க கண்ணுக்கு மட்டும் தெரியாம போச்சா?"

அள்ளிய சாணியை அவள் ஓரமாகக் கொட்டினாள்.

"சரி, அது போவட்டும். தாய் மாடு கத்துது. மருந்து அடிச்ச புல்லா, பூச்சிப் புல்லா, எதைப் போடட்டும்? அதைச் சொல்லுங்க."

"வெட்டி நல்லா காய வச்சிப் போட்டா..."

"இந்த மழையில எங்க காய வைக்க? உங்க வீட்டு ஹாலுலயா?"

தோட்டத்து ஒபீசுக்குப் போனேன். பட்டிக்கு மேலே உள்ள ஒரு புல் கரையை மட்டும் மருந்தடிக்காமல் விடுங்கள், கானைக் கட்டுங்கள் என்று நின்றுகொண்டே கேட்டேன். உட்காரச் சொல்லவில்லை. தேயிலைக்கு நடுவில் மாட்டுக்குப் புல் வளர்க்க முடியுமா என்று சிரித்தார்கள். பசுமாடு கட்டச் சொன்னது யார் என்று ஒருவர் கேட்டார். அந்தப் பெண்ணின் முழங்காலைத் தேய்த்தது யார் என்று நான் கேட்டேன். பார்ப்போம் என்றார்கள்.

அடுத்த கிழமை முதுகில் களைநாசினி டேங்கோடு நாலு பேர் வந்தார்கள். நான் கரையில் போய் நடுவே நின்றுகொண்டேன். முன்னால் நின்றவன் முகமூடியைக் கழற்றினான். என்னிடம் படித்தவன்.

"மாஸ்டர், தள்ளிக்கங்க. மேல படும்."

"அடிக்காத தம்பி. இந்த ஒரு கரை."

"இதை அடிக்காட்டி இன்னைக்கு எங்களுக்குப் பேர் போட மாட்டாங்க. நாலு பேருக்கும் சம்பளம் போயிரும். நீங்க தருவீங்களா?"

அவர்களோடு எனக்கு என்ன சண்டை? தள்ளி நின்றேன். ஒரு நிமிடத்தில் கரை முழுக்க நனைந்துவிட்டது.

அந்தப் பெண் இப்போதும் காலையில் மலைக்குப் போகிறாள். நான்கு மணிக்குக் கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, அரிவாளோடு அதே பள்ளத்தில் இறங்குகிறாள். கொஞ்சம் உயரத்தில், தண்ணீர் படாத தண்டாகப் பார்த்து வெட்டும்படி சொல்லியிருக்கிறேன். அவள் குனிந்து வெட்டும்போது முழங்கால் வரைக்கும் தண்ணீர்.