கயிற்றை இரண்டு முறை இழுக்கவும்

ஊர் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பைத்தியத்தை எனக்கு ஏற்றியவள் பர்மிய மொழி படிக்க குவாங்சௌவிலிருந்து வந்த ஒரு சீனத் தோழி. "எங்கள் ஊருக்கு வந்தால் கோபுரங்களைப் பார்க்காதே. காலையில் காய் வாங்கப் போகும் கிழவிகளின் பின்னால் நட. குட்டை முக்காலி போட்ட கடையில் சாப்பிடு" என்பாள். பதிலுக்கு என் யாங்கோனை நான் கொடுக்க வேண்டாமா?

டீக்கடையில் ஆளைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போடு, வெட்கப்படாதே. வாசலில் வைத்திருக்கும் த்வாண்டே மண்பானைத் தண்ணீரை யாரும் குடிக்கலாம், டம்ளரைக் கவிழ்த்து வை. பிறகு, கயிறு. மாடி வீடுகளிலிருந்து தெருவரை தொங்கும். கீழ்நுனியில் ஒரு கிளிப், மேல்நுனியில் ஒரு மணி. இழுத்தால் மேலே மணியடிக்கும், வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார், சாவி கயிற்றிலேயே இறங்கி வரும். கரண்ட் இல்லாத ஊருக்கு இதைவிட நல்ல அழைப்புமணி உண்டா?

அன்று மத்தியானம் பபேடான் பேட்டையில் அவளை அழைத்துக்கொண்டு பெரியம்மா வீட்டடியில் நின்றேன். எனக்கு உரிமையுள்ள ஒரே கயிறு அதுதான்.

"நீயே இழு" என்றேன்.

கூச்சத்தோடு ஒரே ஒரு முறை இழுத்தாள். மேலே மணி ஒரு தரம் அடித்து ஓய்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்றாம் மாடியில் என் கோகோ, பெரியம்மாவின் மகனான அண்ணன், எட்டு மாதமாக வெளியே வராமல் இருந்தான். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் அவன் பெயர் வந்திருந்தது. வீட்டு மனிதர்கள் இரண்டு முறை இழுக்க வேண்டும். ஒரு முறை அடித்தால் வேற்றாள் என்று அர்த்தம், அவன் சமையலறைச் சன்னல் வழியாகக் குழாயைப் பிடித்துப் பின்சந்தில் இறங்கிவிட வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பேசி முடிவு செய்தபோது நானும் கூட இருந்தேன்.

பாய்ந்து இரண்டு முறை இழுத்தேன். பால்கனியில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தோழியை டீக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்சந்துக்கு ஓடினேன். குழாயிலிருந்து விழுந்து, குப்பைக்கு நடுவே இடுப்பு லோஞ்சியின் நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கணுக்கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"யாரு வந்தாங்க?"

"நான்தான், கோகோ."

"ஒன்னுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளுக்குப் பட்டம் குடுத்துட்டாங்க பாரு" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அடையாள அட்டை கேட்பார்கள். அதனால் தாகேதா பேட்டையிலிருந்து எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் வந்தார். அவர் எலும்பை இழுத்தபோது கோகோ தலையணையைக் கிழித்துவிட்டான், சத்தம் மட்டும் போடவில்லை. பெரியம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஊருக்கெல்லாம் ஊரைக் காட்டு, ம்மா. எங்க வீட்டை மட்டும் காட்டாதே" என்று சொல்லிக் கயிற்றை மேலே சுருட்டி வைத்துவிட்டாள்.

கட்டு அவிழ்த்த பிறகு பார்த்தால் பாதம் உள்பக்கமாகக் கோணியிருந்தது. தினமும் எண்ணெய் தேய்த்து நீவினால் கொஞ்சம் நேராகும் என்றார் கட்டுக்காரர். மறுநாளே ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு ஓடினேன். பெரியம்மா அதை வாங்கி, மூடியைத் திறக்காமலே சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கோணலாவே இருக்கட்டும். நொண்டியை எடுக்க மாட்டாங்களாம்."

"நல்லா நொண்டுறேனா, பாரு" என்று கோகோ சுவரிலிருந்து பால்கனிக் கதவுவரை நடந்து காட்டினான். பெரியம்மா கண் கொட்டாமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த தெருவில் கால் ஊனமானவன் ஒருவனையும் பட்டாளத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். வரும் வழியில் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அதை நான் பெரியம்மாவிடம் சொல்லவில்லை.