கிளெனிஸ் பேசாமல் இருந்த வகுப்பு

எங்கள் கணிதத் துறையில் கிளெனிஸ் டோல்மனைப் போலப் பேசுகிறவர் யாரும் கிடையாது. லான்செஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு நுண்கணிதம் நடத்தினார். மைக்கே வேண்டாம். கடைசி வரிசையில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான்.

அவரிடம் போய்ப் பாடமுறையைத் தலைகீழாக்கச் சொன்னது துறை. பாடத்தை வீடியோவாக எடுத்து முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். மாணவர்கள் வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். வகுப்பில் கணக்குப் போடுவது மட்டும்தான்.

வீடியோ அவருக்குச் சிரமமாக இல்லை. வீட்டில் துணி துவைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஆசைதீரப் பேசினார். வகுப்பில் சும்மா இருக்கத்தான் முடியவில்லை. யாராவது பேனாவைக் கடித்தால் போதும், ஓடிப்போய் விடையைச் சொல்லிவிடுவார்.

"கிளெனிஸ், அவங்க கணக்கையெல்லாம் நீங்களே போட்டுடுறீங்க," என்றேன். நான் அவருடைய உதவி ஆசிரியன்.

"தெரியுதுப்பா. வாய் நிக்க மாட்டேங்குது."

மறுவாரம் வாயில் பெரிய புதினா மிட்டாயை அடக்கிக்கொண்டு வந்தார்.

அன்றைய கணக்கு, கூர்முனை கீழே இருக்கும் கூம்புத் தொட்டி. தண்ணீர் சீராக விழுந்தால் மட்டம் எவ்வளவு வேகமாக உயரும்? மர ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே படித்த ஜாரட் தலையைச் சொறிந்தான்.

"தண்ணி ஒரே மாதிரிதானே விழுது? மட்டமும் ஒரே மாதிரிதானே ஏறணும்?"

கிளெனிஸின் முகம் சிவந்தது. மிட்டாயைப் பல்லுக்கிடையே இறுக்கிக்கொண்டார்.

"வீடியோ பாத்தியா இல்லையா?" என்றாள் எதிரே இருந்த டாலியா.

"கிளெனிஸோட நாய் குரைக்கிற வரைக்கும் பாத்தேன்."

"சரி, இதே மாதிரி ஒரு கிளாஸ்ல பியர் ஊத்து. அடியில குறுகல், சட்டுனு ஏறும். மேல?"

ஜாரட் யோசித்தான். "மேல அகலம். மெதுவாத்தான் ஏறும். அப்ப ஒவ்வொரு உயரத்துலயும் ஒவ்வொரு வேகமா? அதுக்குத்தான் வகையிடச் சொல்றாங்களா?"

மளுக்கென்று ஒரு சத்தம். கிளெனிஸ் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. நீங்க பேசுங்க," என்றார் ஜாரடிடம்.

மிட்டாயைக் கடித்ததில் பல் உடைந்திருந்தது. பல் மருத்துவரிடம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே வழியெல்லாம் பேசினார்.

"அந்தத் தொட்டிய எத்தன வருஷம் எவ்வளவு அழகா நடத்தியிருக்கேன். ஒருத்தன்கூட இப்படிக் கேட்டதில்ல. நான் கேக்க விட்டாத்தானே."

அப்புறம் மிட்டாய் தேவைப்படவில்லை. மேசை மேசையாகப் போய் நின்று, மாணவர்கள் கணக்குக்காகச் சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஜாரட் சுமாராகத்தான் தேறினான். ஆனாலும் அடுத்த ஆண்டும் கணிதமே எடுத்தான்.

அந்தக் கோடையில் கணவர் நெவிலின் பிறந்தநாள் விருந்தில், இரண்டு வார்த்தை சொல்வதாக கிளெனிஸ் எழுந்தார். சுட்ட சாசேஜ்களெல்லாம் தட்டிலேயே ஆறிப்போயின. யாரும் அவரை நிறுத்தச் சொல்லவில்லை.