அவிழாத முடிச்சு

மருத்துவக் கல்லூரியின் தையல் பயிற்சி அறையில் முப்பிடாதிக்குப் பதினெட்டு வருடமாக ஒரே வேலை. காலையில் மேசைதோறும் ரப்பர் குழாய் மாட்டிய பலகையும் நூலும் வைப்பார். மாணவர்கள் குழாயில் முடிச்சுப் போட்டுப் பழகுவார்கள். பேராசிரியர் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பார். வழுக்கினால் மறுபடி போட வேண்டும். சாயங்காலம் முப்பிடாதி எல்லா முடிச்சுகளையும் வெட்டிக் குப்பையில் போடுவார்.

அவர் மகள் இசக்கிச்செல்வியும் அந்த அறைக்குப் படிக்க வந்தாள். அங்கே மற்ற மாணவர்களைப் போல அவளையும் அவர் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிட்டார். சனிக்கிழமைகளில் இருவரும் கோவில்பட்டியில் பஸ் மாறி ஊருக்கு வருவார்கள். வீட்டில் கட்டில் காலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவரும் போட்டுப் பார்த்தார்.

“யப்பா, நீங்க போடுதது மாடு கட்டத்தான் ஆகும். முதல்ல ரெண்டு சுத்து. அடுத்தது எதிர்ப்பக்கம். பெறவு மறுபடி இந்தப் பக்கம். இப்ப இழுங்க.”

இழுத்தார். நகரவில்லை.

ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஐந்தாம் நாள் இறந்துபோனாள்.

வீட்டில் கிடத்தியதும், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட வெள்ளைத் துணி கிழித்துக் கொடுத்தார்கள். முப்பிடாதிதான் கட்டினார். கை தானாக முதலில் இரண்டு சுற்றுப் போட்டது.

கல்யாணம் ஆகாத பிள்ளையைப் புதைப்பதுதான் அவர்கள் வழக்கம். மழையில் ஊறிய கரிசல் மண்வெட்டியில் அப்பிக்கொண்டு வந்தது. குழியில் இறக்குமுன் கால்கட்டை அவிழ்க்க முப்பிடாதியின் அண்ணன் சுடலைக்குமார் குனிந்தார். அவிழவில்லை. நகத்தால் நெம்பினார்.

“இத யாரு கட்டுனது? ஒரு உருவு உருவுனா வரணும்லா” என்றான் குழி வெட்டியவன்.

கட்டோடு அனுப்பினால் பிள்ளை அந்தப் பக்கம் நடக்க முடியாது என்றார் ஒருவர். யாரோ பிளேடு எடுத்தார்கள்.

முப்பிடாதி அந்தக் கையைத் தடுத்துவிட்டு உட்கார்ந்தார். அவிழ்க்கப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் வெட்டியிருக்கிறார், ஒன்றைக்கூட அவிழ்த்ததில்லை. தூறல் விழுந்தது. நேரமாகிறது என்று சுடலைக்குமார் மெதுவாகச் சொன்னார்.

முப்பிடாதி பிளேடுக்குக் கை நீட்டினார். தோலில் படாமல் அடியில் விரலைக் கொடுத்து, முடிச்சை விட்டுத் தள்ளித் துணியை மட்டும் வெட்டினார். கால்கள் விலகின.

முடிச்சு அவர் கையில் இருந்தது. இரண்டு முனையையும் பிடித்து, பேராசிரியர் இழுப்பதுபோல இழுத்தார். இன்னும் பலமாக இழுத்தார்.

“நிக்குது டாக்டர்” என்றார்.